கறையில்லாத சர்வீஸ் அட்டை

அலுவலகத்தில் அவரைத் 'துருவி' என்றுதான் கூப்பிடுவார்கள். காருக்கு நீட்டித்த வாரண்டி வாங்கியவர்கள், வண்டி பழுதானதும் அனுப்பும் விண்ணப்பங்களைத் துருவித் துருவிப் பார்த்து, பாதியைத் திருப்பி அனுப்புவது அவர் வேலை. மெக்கானிக் ஒவ்வொரு முறையும் எழுதிக் கொடுக்கும் சர்வீஸ் அட்டை போலியா என்று கண்டுபிடிக்க அவரே ஒரு விதி வகுத்திருந்தார்: ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரு சொட்டு எண்ணெய்க் கறை இல்லை என்றால், அது ஒரே நாளில் உட்கார்ந்து எழுதியது. மேலாளர் அதைப் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரிலேயே ஒட்டிவிட்டார். அன்றைக்குத் துருவிக்குத் தலைகால் புரியவில்லை.

அந்த விதியில் வசமாக மாட்டியவள் ஒரு தையல்காரம்மா. கியர்பாக்ஸ் போய்விட்டது. நேரத்துக்கு ஆயில் மாற்றியதற்கு ஆதாரம் கேட்டால், பளிச்சென்று ஓர் அட்டையை அனுப்பியிருந்தாள். துருவி கண்ணை மூடிக்கொண்டு நிராகரித்தார். இப்போது மேல்முறையீடு வந்திருந்தது. தையல் மெஷினைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போய்த் தைத்துக் கொடுப்பதுதான் பிழைப்பு, கார் நின்று ஐந்து வாரமாகிறது, வாடிக்கைக்காரர்கள் வேறு ஆள் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள். அதற்கெல்லாம் மசிகிற ஆள் இல்லை துருவி.

அவரை உறுத்தியது வேறு. அட்டையில் ஆறு பதிவுகள். கிலோமீட்டர் 14,387, 21,942 என்று போய்க்கொண்டிருந்தது. பொய் எழுதுகிறவர்கள் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்றல்லவா எழுதுவார்கள்? ஒரு சர்வீஸ் நான்கு நாள் தள்ளிப்போனதுகூட அப்படியே பதிவாகியிருந்தது. தனக்கே பாதகமாகப் பொய் எழுதுகிற ஆள் யாரப்பா என்று பார்த்துவிடும் ஆசையில், மதியம் சாப்பிட்ட கையோடு கிளம்பிவிட்டார்.

அவள் தைக்கும் இடம் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை. கத்தரிகள் அளவு வாரியாகத் தொங்கின. தையல் அறை என்கிறார்கள், தரையில் ஒரு துண்டு நூல் இல்லை.

"இதை எழுதினது யாரு?" என்று அட்டையை நீட்டி நேராகவே கேட்டார்.

"நான்தான் சார்."

இப்படிச் சட்டென்று ஒப்புக்கொள்வாள் என்று எதிர்பார்க்காததால், துருவிக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

"பழைய அட்டை பூரா மெக்கானிக்கோட விரல் கறை சார். அதைப் போய் ஒரு ஆபீசுக்கு அனுப்புறதா? கறையோட ஒரு துணியைக்கூட நான் வாசல் தாண்ட விட்டதில்ல. அதான் புது அட்டை வாங்கி, பார்த்துப் பார்த்து எழுதி, அவர்கிட்டயே முத்திரை வாங்கினேன்."

"பழசு எங்க?"

ஆணியில் மாட்டியிருந்த ஓர் அட்டையைக் காட்டினாள். காலர் வடிவத்தில் வெட்டியிருந்தது. "நல்ல கெட்டி அட்டை. தூக்கிப் போட மனசு வரல."

துருவி அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நான்கு பதிவுகள், நான்கு விதமான மை, கறுப்புக் கட்டைவிரல் தடங்கள். ஆனால் அவருக்கு வேண்டிய கடைசி இரண்டைக் காணோம்.

"மீதி?"

அவள் பார்வை ஹேங்கரில் தொங்கிய கோட்டுக்குப் போனது. "காலர் விறைப்பா நிக்கணும்னு உள்ள வச்சுத் தச்சுட்டேன். ரெண்டு சுத்துத் துணி சுத்தித்தான் சார் வச்சேன்," என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள். "அஞ்சு மணிக்கு ஆள் வருவாங்க. தச்சு முடிச்சதை நான் பிரிச்சதே இல்ல."

கார் போனால் போகட்டும் என்று சொல்லிவிடுவாளோ என்று துருவி பயந்தார். நிராகரித்தவரே அவர்தான், பதற்றமும் இப்போது அவருக்குத்தான்.

அவள் கோட்டை ஹேங்கரிலிருந்து எடுத்து மடியில் போட்டாள். பிறகு சின்னக் கத்தரியை எடுத்துக் காலரின் தையலை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளிருந்து வந்த துண்டில் இரண்டு தேதிகள், இரண்டிலும் 'கியர் ஆயில் மாற்றியது', மேலே அழுத்தமாக ஒரு விரல் கறை. இரண்டு துண்டையும் ஒட்டி வைத்ததும், வெட்டுப்பட்ட முத்திரை ஒன்று முழுசாகச் சேர்ந்தது.

"உங்க கார் சரியாயிடும்மா. நான் எழுதிக் கொடுக்கிறேன்."

அவள் பிரித்த நூலைக் கையில் வைத்துக்கொண்டே அழுதுவிட்டாள். கண்ணைத் துடைத்த பிறகு கேட்டாள்: "இந்த அழுக்கையே முதல்ல அனுப்பியிருந்தா?"

"அன்னைக்கே பாஸாயிருக்கும்."

"அப்ப நான் சுத்தமா எழுதினதுதான் தப்பா சார்?"

துருவி இரண்டு துண்டையும் எடுத்துப் பையில் வைத்தார். அவமானமாக இருந்தது.

அலுவலகம் திரும்பியதும், தன் விதியைக் காட்டி இதுவரை நிராகரித்த கோப்புகளை எல்லாம் எடுத்து மேசையில் அடுக்கினார். முப்பத்தேழு.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "முடிஞ்சுபோனதை எதுக்குய்யா மறுபடி கிளறுற?"

"ஏன் சுத்தமா இருக்குன்னு இதுல ஒருத்தர்கிட்டகூட நான் கேட்கல சார்," என்று சொல்லிவிட்டுத் துருவி முதல் கோப்பிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டார்.