எல்லாச் சிலேட்டிலும் நூற்றெண்பது

கிட்டே வாருங்கள், கண்ணுகளா. குளிர்கிறவர்கள் போர்வையோடு வரலாம். நம் மெதியா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பே சேர்ந்து ஒரே தப்பைத் தூக்கிக் காட்டிய கதை ஒன்று இருக்கிறது. முதலில் சிரிப்பு வரும், அப்புறம் வராது.

வஹீபா நாலாம் வகுப்பு டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்ஸ்பெக்டர் வந்து, பாடம் நடத்துவதைப் பார்த்து, சரி என்று எழுதினால்தான் வேலை நிற்கும்.

மனக்கணக்கு நடக்கும் விதம் உங்களுக்குத் தெரிந்ததுதான். டீச்சர் கணக்கைச் சொல்லி அளவுகோலால் மேசையைத் தட்டினால் பிள்ளைகள் சிலேட்டில் விடை எழுதுவார்கள். மறுபடி தட்டினால் எல்லாச் சிலேட்டும் ஒன்றாக மேலே போகும். அந்த ஒன்றாகப் போவதில்தான் டீச்சர்களுக்குப் பெருமை. இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றதும் வஹீபா கொஞ்சம் கணக்குகளைப் பொறுக்கியெடுத்து, தினமும் அதே வரிசையில் ஓட்டினாள். போகப் போகப் பிள்ளைகள் கேள்வியைக் காதில் வாங்குவதே நின்றுபோனது. அவள் வாய் திறக்கும்போதே சாக்பீஸ் ஓடும். கணக்கில் கை பழகிவிட்டது என்று அவள் மகிழ்ந்தாள்.

ருமைஸா மட்டும் அதில் சேரவில்லை. பழகிய கணக்கையும் புதிதாகக் கேட்டவள் போலக் கூரையைப் பார்த்து முணுமுணுப்பாள். விடை சரியாகத்தான் இருக்கும். ஆனால் மற்ற சிலேட்டுகள் இறங்கும்போது இவளுடையது ஏறும். இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள் வஹீபா அவளைத் தனியே அழைத்தாள்.

“கண்ணு, நாளைக்கு ஒரு நாள் மட்டும் யோசிக்காதடி. பக்கத்துல இருக்கறவ எழுதறதைப் பார்த்து எழுதித் தூக்கிடு.”

ருமைஸா தலையாட்டினாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் பூஅலெம் கனத்த கோட்டோடு வந்து, ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சிலேட்டுகள் அழகாக ஏறி இறங்கின. நடுவில் அவர் இருமினார். வஹீபா திடுக்கிட்டாள். பதினைந்தைப் பன்னிரண்டால் பெருக்கச் சொல்ல வேண்டிய இடம். நாக்கு அதைத் தாண்டி அடுத்த கணக்குக்குப் போய், இருபத்தைந்தைப் பன்னிரண்டால் பெருக்கச் சொல்லிவிட்டது.

தட்டினாள். எழுதினார்கள். தட்டினாள். தூக்கினார்கள்.

எல்லாச் சிலேட்டிலும் நூற்றெண்பது. கேட்காத கேள்விக்கு விடை.

ருமைஸாவின் சிலேட்டில் மட்டும் முந்நூறு. அவள் சுற்றிலும் பார்த்தாள். முகம் சிவந்துபோனது. சட்டென்று சிலேட்டை இறக்கி, சட்டைக்கையால் துடைத்து, நூற்றெண்பது என்று எழுதி மறுபடி தூக்கினாள்.

இருமலில் கேள்வி சரியாகக் காதில் விழாத பூஅலெம் அதைப் பார்த்துவிட்டார். இந்தப் பெண் கணக்கில் கொஞ்சம் தடுமாறுகிறவளா என்று வஹீபாவிடம் கேட்டார். ஆமாம் என்று தலையசைத்து, அடுத்த கணக்குக்குப் போயிருக்கலாம். வேலை பிழைக்கவும் வழியிருந்தது. அவளுக்குத் தலை அசையவில்லை.

“இல்லைங்க ஐயா. கேள்வியைக் கேட்டது அவ ஒருத்திதான். மத்தவங்களுக்கு விடையை வரிசையா மனப்பாடம் பண்ண வச்சது நான்.”

ருமைஸா எழுந்து நின்றாள். டீச்சரைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

“டீச்சர் யோசிக்காதேன்னுதான் சொன்னாங்க. நான்தான் மறந்து யோசிச்சுட்டேன்.”

வஹீபா அளவுகோலை மேசையில் வைத்தாள். கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பூஅலெம் ருமைஸாவிடம், முந்நூறு எப்படி வந்தது என்று கேட்டார்.

“நாலு இருபத்தஞ்சு நூறு. பன்னெண்டுக்குள்ள மூணு நாலு இருக்கே.”

முன்வரிசைப் பெண் ஒருத்தி திரும்பி, அப்படியானால் பதினைந்துக்கும் அதே மாதிரி செய்யலாமா என்றாள். நாலு பதினைந்து அறுபது, மூன்று அறுபது நூற்றெண்பது. இத்தனை நாள் எழுதிய விடை எங்கிருந்து வருகிறது என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வகுப்பு சலசலத்தது. அந்தச் சத்தத்தை வஹீபா அதற்கு முன் அந்த அறையில் கேட்டதில்லை.

இந்த ஆண்டு நிரந்தரம் இல்லை, மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டுப் பூஅலெம் போனார். டீச்சர்கள் அறையில் அவருக்காக வைத்திருந்த மக்ரூத் இனிப்பை எடுத்துக் கடித்துக்கொண்டே சக டீச்சர் ஹஸீபா சொன்னாள்:

“ஒத்திகை யாருடி பார்க்கலை? வரிசையா சொல்லக்கூடத் தெரியலையே உனக்கு.”

மற்றவர்கள் சிரித்தார்கள். வஹீபாவின் காது எரிந்தது. வேலை தள்ளிப்போனதற்காக அல்ல.

வகுப்புக்குத் திரும்பி ருமைஸாவின் பெஞ்சு அருகே போய், நான் நேற்றுச் சொன்னது தப்பு என்றாள். அந்தப் பெண் கூச்சத்தில் தலைகுனிந்துகொண்டாள். குனிந்த அந்தத் தலையைப் பார்த்தபடி வஹீபா ஒரு புதுக் கணக்கைச் சொன்னாள். தட்டவில்லை. ஒவ்வொருவராக யோசித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். அவ்வளவு நேரமும் நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கூச்சமாகவே இருந்தது.

உங்கள் வீட்டில் ரொட்டிக்குக் குறைவு வராமல் இருக்கட்டும், கண்ணுகளா. மெதுவாகப் பேசும் பிள்ளை இருந்தால், அது சொல்லி முடிக்கும்வரை கேட்கும் பொறுமையை இறைவன் உங்கள் வீட்டில் எல்லோருக்கும் கொடுக்கட்டும்.