விளக்கு எரியாத பெரிய போர்டு

படியேறும்போதே ரட்மிலா சண்டைக்கான சொற்களை அடுக்கி வைத்திருந்தாள்.

நோவி சாத் நகரில் ஒரு நிறுவனம் திங்கட்கிழமை அவளைத் தேர்வுக்கு அழைத்திருந்தது. எஃப்.பி.ஜி.ஏ. போர்டு ஒன்றில் சொந்தமாக எதையாவது இயக்கிக் காட்ட வேண்டும். சிப்புக்குள் ஓடும் மின்சுற்றை நாமே எழுதி அமைக்கிற போர்டு அது. வேலை பார்த்த தையல் ஆலை மூடிய பிறகு அவளுக்குத் திறந்திருந்த ஒரே கதவு இந்த வேலைதான்.

முதல் போர்டு வாங்குகிறவர்கள் செய்யும் தவறை அவளும் செய்தாள். சிப் பெரிதாக இருந்தால் எல்லாவற்றுக்கும் ஆகும் என்று நினைத்து, வுகாஷின் என்பவர் இணையத்தில் விற்ற பழைய போர்டைச் சேமிப்பைப் போட்டு வாங்கினாள். வீட்டில் கணினியைத் திறந்தால், மின்சுற்றை எழுதும் இலவச மென்பொருளில் அந்தச் சிப்பின் பெயரே இல்லை. அதற்கான உரிமத்தை வாங்கப் பெரிய நிறுவனங்களால்தான் முடியும்.

வுகாஷினின் மனைவி பெர்சிதா கதவைத் திறந்தாள். உள்ளே உயரமான மெழுகுவர்த்தி எரிந்தது; ரொட்டி, பொரித்த மீன், மேசையைச் சுற்றி உறவினர்கள். ரட்மிலா வாசலிலேயே நின்றுவிட்டாள். இன்று இந்தக் குடும்பத்தைக் காக்கும் புனிதரின் திருநாள். அவள் குடும்பத்துப் புனிதர் வேறு என்பதால் நினைவில்லை. இந்த நாளில் யாரையும் அழைப்பதில்லை, வந்தவரெல்லாம் விருந்தாளி. விருந்தாளி அங்கே குரல் உயர்த்தக் கூடாது.

"வாம்மா, குளிர்ல நிக்காத. பூட்ஸ கழட்டிட்டு உள்ள வா."

ரட்மிலா சிலுவைக் குறியிட்டு, வந்தவருக்கு முதலில் நீட்டும் இனிப்புக் கோதுமையை ஒரு கரண்டி வாயில் போட்டாள். அடுக்கிய சொற்களும் அதோடு உள்ளே போயின. போர்டு இருந்த பையோடு அவளைச் சுவரோரம் இரண்டு பருத்த மாமாக்களுக்கு நடுவே உட்கார வைத்தார்கள். அவர்கள் எழுந்தால்தான் அவள் எழ முடியும்.

"பைய மடியிலயே வச்சிருக்கியே பொண்ணே, மீன் ஏதும் கொண்டாந்தியா?"

"கடிச்சா பல்லு போயிரும் மாமா."

எல்லாரும் சிரித்தார்கள். வுகாஷின் சிரிக்கவில்லை. பையிலிருந்து நீட்டிய போர்டின் பச்சை மூலை அவர் கண்ணில் பட்டுவிட்டது.

தட்டுகள் வந்தபடி இருந்தன. ஜன்னலில் வெளிச்சம் குறைந்தது. 'இங்கிருந்து எப்படியாவது வெளியே கொண்டுபோ' என்று மெழுகுவர்த்தியைப் பார்த்து வேண்டிக்கொண்டாள்.

ஒயின் ஊற்ற வந்த வுகாஷின் குனிந்தார். "ஓடலியா?"

"சிப்போட பேரே காட்டல அண்ணே. திங்கக்கிழமை எனக்குத் தேர்வு."

அவர் கை குப்பியோடு நின்றது. "எனக்கும் அதே கதிதான்மா. அதுல ஒரு விளக்கக்கூட நான் எரிய வச்சதில்ல. தெரிஞ்சேதான் உனக்கு வித்தேன்."

உள்ளே போய், உள்ளங்கை அளவு போர்டு ஒன்றோடு திரும்பினார். "நான் கத்துக்கிட்டது இதுலதான். சின்ன சிப்பு, இலவச மென்பொருளே போதும். இத நீ வச்சுக்க. அந்தப் பெரிசு எங்கிட்டயே வரட்டும். உன் பணத்த நாளைக்கு நானே கொண்டாந்து தர்றேன்."

"எந்திரிங்க மாமா, பொண்ணுக்கு வழி விடுங்க," என்றாள் பெர்சிதா.

"உக்கார்றது எங்க வேல. எந்திரிக்க வைக்கிறது கடவுள் வேல," என்று முனகியபடி ஒருவர் மேசையைத் தள்ளினார்.

செய்த தவறை ஒருவர் தானே திருப்பி எடுத்துக்கொள்வதும் ஒரு வழிபாடுதான். பெர்சிதா கட்டிக் கொடுத்த ரொட்டியோடு ரட்மிலா படியிறங்கினாள்.

ஞாயிறு மாலை அந்தச் சின்ன போர்டில் ஒரு பச்சை விளக்கு எரிந்து, அணைந்து, மறுபடி எரிந்தது. அவள் சிலுவைக் குறியிட்டுவிட்டு, இரண்டாவது விளக்குக்கான வரியை எழுத ஆரம்பித்தாள்.