டூப் வேண்டாம்

என் தம்பியின் கழுத்தைப் பற்றிச் சண்டை மாஸ்டர் தைரியராஜ் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை யாராவது போனில் பதிவு செய்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். அல்லாஹ் உங்களுக்கு நன்மை எழுதுவான்.

தம்பி பெயர் இம்தியாஸ். ஆறடி மூன்று அங்குலம். பாலக்கரையில் எங்கள் வீட்டு நிலைப்படியில் தலையை இடித்துக்கொள்ளாமல் அவன் உள்ளே வந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். துவாக்குடிப் பக்கம் டிப்ளமா முடித்து, இருபத்தொரு வயதில் ஜப்பானுக்குப் போனான். ஒசாகாவில் கார் பாகங்கள் செய்கிற கம்பெனியில் வேலை. அங்கே ஒரு ஜிம்மில் இவன் உயரத்தைப் பார்த்த ஒருவர், மல்யுத்தக் குழு நடத்துகிறவர், நம்மோடு வருகிறாயா என்று கேட்டிருக்கிறார். ஜனங்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற மல்யுத்தம். தலைப்பாகை கட்டி, தோளில் ரப்பர் பாம்பைப் போட்டு, 'நாகராஜா' என்று பெயர் வைத்து மேடையில் ஏற்றிவிட்டார்கள். பள்ளிவாசல் தெருப் பிள்ளைக்கு நாகராஜா! அம்மா ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

பெயரைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டார். அடியைத்தான் தாங்க முடியவில்லை. அவன் முதுகில் ஒருத்தன் இரும்பு நாற்காலியால் ஓங்கி அடிக்கிற வீடியோவைப் பக்கத்து வீட்டுப் பெண் காட்டிவிட்டாள். அம்மா சோறு தண்ணி இறங்காமல் கிடந்தார். அன்றைக்குப் போனில் இம்தியாஸ் சொன்னான்.

"அம்மா, எல்லாம் பேசி வச்சுச் செய்யறதும்மா. யாரு ஜெயிக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிருவாங்க. அந்தச் சேர்கூட டம்மி. எல்லாம் பொய் அடி. எனக்கு வலிக்கவே வலிக்காது."

அம்மா நம்பினார். நானும் நம்பினேன். நம்பியதோடு நிறுத்தினேனா? என் தையல் கடைக்கு ஜாக்கெட் அளவு கொடுக்க வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்லிச் சிரித்தேன். "ஜப்பான் வரைக்கும் போயி எங்க தம்பி பொய்யா அடி வாங்கிட்டு இருக்கான்." ஏனென்றால் அவன் எப்போதும் தோற்கிறவன். அதுதான் அவன் வேலை. எதிராளி பெரிய வீரனாகத் தெரிகிற மாதிரி அழகாகத் தோற்க வேண்டும். பதினாறு வருடம் தோற்றான்.

அதற்குப் பிறகுதான் அதிர்ஷ்டம் அடித்தது. ஜப்பான் டிவி தொடர் ஒன்றில் சமையல்காரன் வேடம் கிடைத்தது. நாகராஜாவாக இருந்தபோது திட்டிய ஜனங்களே ரயிலில் பார்த்துக் கைகுலுக்கினார்களாம். அடுத்து இரண்டு சினிமா. அதைப் பார்த்து நம்ம ஊர் படக் கம்பெனி கூப்பிட்டது. வில்லன் வேடம், ஸ்ரீரங்கத்தில் ஷூட்டிங். இருபது வருடம் கழித்து என் தம்பி திருச்சிக்கு நடிகனாக வருகிறான். நான் கடையைப் பத்து நாள் பூட்டிவிட்டு, யாரும் கேட்காமலே அவனுக்கு மேனேஜர் ஆகிவிட்டேன்.

விமான நிலையத்தில் "டேய்!" என்று கூப்பிட்டேன். அவன் கழுத்தைத் திருப்பாமல் உடம்போடு மொத்தமாகத் திரும்பினான். பெரிய நடிகன் ஆகிவிட்ட மிதப்பு என்று நினைத்தேன். நினைத்ததை மனசில் வைத்துக்கொள்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

"என்னடா, கழுத்தைத் திருப்பினா மரியாதை குறைஞ்சிருமா?"

"ஆமாக்கா. ஹீரோன்னா இப்படித்தான்" என்று சிரித்தான்.

தொண்டையில், சட்டைக் காலருக்குக் கீழே, மெல்லிசாக ஒரு தழும்பு இருந்தது. கேட்டதற்கு, தைராய்டு கட்டி எடுத்தார்கள் என்றான். எப்போது என்றேன். அது ஆச்சு ஒம்பது வருஷம் என்றான். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அன்று மதியம் சாப்பிடும்போது அம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து கறுப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் அவன் முகத்தைத் தடவித்தான் பார்த்தார்.

"நெசமாவே அடி படாதாடா? தப்பித் தவறிப் பட்டுட்டா?"

"அதுக்கு ஒரு வழி இருக்கும்மா. கீழே விழுந்து கிடக்கும்போது எதிராளி என் கையைப் பிடிச்சு ஒரு தடவை அமுக்குவான். நல்லாருக்கியான்னு அர்த்தம். நான் ஒரு தடவை திருப்பி அமுக்கணும். நல்லாருக்கேன்னு அர்த்தம். பாக்குற கூட்டத்துக்கு ஒண்ணும் தெரியாது. திருப்பி அமுக்கலைன்னா சண்டையை அப்படியே நிறுத்திருவாங்க."

அம்மா உடனே அவன் கையைப் பிடித்து அமுக்கினார். அவன் திருப்பி அமுக்கினான். அம்மாவுக்கு அந்த விளையாட்டு ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த வாரம் முழுக்க, அவன் வெளியே கிளம்பும்போதெல்லாம் கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

ஷூட்டிங் நடந்தது கொள்ளிடக் கரையோரம் ஒரு பழைய மாடி வீட்டில். ஹீரோ வில்லனை மொட்டை மாடியிலிருந்து தள்ளிவிட வேண்டும். வில்லன் கீழே இருக்கிற ஓட்டுச் சாய்ப்புக் கூரையை உடைத்துக்கொண்டு விழ வேண்டும். சாய்ப்புக்குள் அட்டைப் பெட்டிகளை அடுக்கி மேலே மெத்தை போட்டிருந்தார்கள். இம்தியாஸ் போட்டிருந்த அதே கறுப்புச் சட்டையில் டூப் ஆள் ஒருவர் மாடிப்படியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். பாலக்கரையிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் இரண்டு வேனில் வந்து கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்றார்கள். அம்மா மட்டும் வரவில்லை. கண்ணில் தூசு படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் மாஸ்டர் என்னிடம் வந்தார். மேனேஜர் நான்தானே.

"அக்கா, சாருக்குக் கழுத்து, முதுகுல முன்னாடி அடி கிடி பட்டிருக்கா? எல்லாரையும் கேக்குறதுதான். டூப் ரெடியா இருக்காரு."

"கழுத்தா?" நான் சிரித்தேன். சொந்தக்காரர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். "அட போங்க மாஸ்டர். பதினாறு வருஷம் பொய் அடி வாங்கினவன் அவன். உடம்புல ஒரு கீறல் கிடையாது. டூப் எல்லாம் வேண்டாம். நாங்க ரெண்டு வேன் புடிச்சு வந்தது வேற யாரோ விழுறதைப் பாக்கவா?"

கூட்டத்தில் ஒருவன் விசிலடித்தான். இம்தியாஸ் என்னைப் பார்த்தான்.

"அக்கா, அது வந்து..."

"என்னடா வந்து போயி? பயமா?"

அவன் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்ற முகங்களைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். பிறகு மாஸ்டரிடம், "நானே பண்றேன்" என்றான்.

அழகாகத்தான் விழுந்தான். ஓடு நொறுங்குகிற சத்தம், புழுதி, அதற்குள் அவனுடைய கறுப்புச் சட்டை. டைரக்டர் 'கட்' சொன்னதும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் எழுந்திருக்கவில்லை. எங்கள் ஆட்கள் இன்னும் பலமாகத் தட்டினார்கள். தோற்றுக் கிடப்பதில் என் தம்பி கெட்டிக்காரன் என்று எல்லோருக்கும் நான் சொல்லி வைத்திருந்தேனே.

கயிற்றைத் தாண்டிப் போனேன். முதுகு மெத்தையில் இருந்தது. தலை மட்டும் ஒரு பெட்டியின் விளிம்பில் பட்டுப் பின்னால் மடங்கியிருந்தது. கண் திறந்திருந்தது.

"போதும்டா நடிச்சது, எந்திரி" என்று சொல்லிக்கொண்டே கையைப் பிடித்து ஒரு தடவை அமுக்கினேன்.

அவன் திருப்பி அமுக்கவில்லை.

மறுபடி அமுக்கினேன். என் விரல் வலிக்கிற அளவுக்கு அமுக்கினேன்.

இம்தியாஸ் ரொம்ப மெதுவாகக் கேட்டான். "அக்கா, என் கையைப் பிடிச்சிருக்கியா?"

அவன் கை என் இரண்டு கைக்குள்ளும் இருந்தது. பின்னால் இன்னும் கை தட்டிக்கொண்டிருந்தார்கள். மாஸ்டர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார். "யாரும் தொடாதீங்க! தூக்காதீங்க!" என்று கத்தினார். கை தட்டல் அப்போதுதான் நின்றது. ஆம்புலன்ஸ் வந்து, அவனைப் பலகையில் வைத்துக் கட்டி, காவிரிப் பாலத்தைத் தாண்டிப் புத்தூருக்குப் போகிற வரைக்கும் நான் அந்தக் கையை விடவே இல்லை. விட்டிருந்தாலும் அவனுக்குத் தெரிந்திருக்காது.

புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் யமுனா என்னைக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டர் திரையைக் காட்டினார். சின்ன வயசு, நிதானமான குரல்.

"ஏற்கெனவே கழுத்துல பிளேட் வச்சிருக்காங்க. நாலு ஸ்க்ரூ இருக்கு. இது எப்போ பண்ணினது?"

எனக்குப் புரியவில்லை. வேறு யாருடைய படமோ என்றுகூடச் சொன்னேன். அவர் படத்தில் இருந்த பெயரைக் காட்டினார். அப்புறம் ஒவ்வொன்றாகக் காட்டினார். வலது காரை எலும்பு உடைந்து கோணலாகச் சேர்ந்திருந்தது. விலா எலும்பு ஐந்து இடத்தில் உடைந்து ஒட்டியிருந்தது. முதுகெலும்பில் இரண்டு வட்டு தேய்ந்து காணாமலே போயிருந்தது.

"தொண்டையில தழும்பு இருக்கே, நீங்க பாக்கலையா? அந்த வழியாத்தான் பிளேட் வச்சிருக்காங்க."

தைராய்டு கட்டி. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒன்றரை மாதம் அவன் வீடியோ காலில் வரவில்லை. மலையில் ஷூட்டிங், சிக்னல் இல்லை என்று மெசேஜ் மட்டும் அனுப்பினான். அப்போது நடிகனாகவே ஆகவில்லை, ஷூட்டிங் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றாமல் எப்படிப் போனது? நான் என்ன முட்டாளா?

"இவர் என்ன வேலை பாத்தாரு?" என்று டாக்டர் கேட்டார்.

பதினாறு வருடமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில் தானாக வாயில் வந்தது. "பொய்யா அடி வாங்குற வேலைங்க."

சொல்லி முடித்த பிறகுதான் நான் சொன்னது என் காதிலேயே விழுந்தது. டாக்டர் தண்ணீர் கொடுத்தார். தண்டுவடம் அறுபடவில்லை, நசுங்கியிருக்கிறது என்றார். ஆபரேஷன் உடனே செய்ய வேண்டும். கால் அசைகிறது, நடந்துவிடுவார். கையைப் பற்றித்தான் எதுவும் சொல்ல முடியாது. வரலாம், வராமலும் போகலாம்.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் அவனோடு தனியாக இருந்தேன். கழுத்தில் பெரிய காலர். கூரையைப் பார்த்தபடிதான் பேச முடிந்தது.

"ஏன்டா சொல்லல?"

"ஜெயிக்கிறது மட்டும்தான்க்கா பொய். விழுறது நெசம். தினம் தினம் பலகை மேல விழுறதை எப்படிப் பொய்யா விழ முடியும்?"

"மாஸ்டர் கேட்டப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"டூப் போடச் சொல்லி ரகசியமா சொல்லத்தான் இருந்தேன். நீ முந்திக்கிட்ட. அத்தனை பேர் முன்னாடி உன்னைப் பொய்க்காரி ஆக்கச் சொல்றியா? அதுவும் இல்லாம அம்மா காதுக்குப் போயிரும்."

அவனை அறையலாம் போல இருந்தது. அதைவிட என்னை அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதேன்.

அம்மாவிடம் கழுத்துச் சுளுக்கு என்றுதான் சொல்லியிருந்தோம். ஆறாம் நாளுக்கு மேல் அவரை வீட்டில் பிடித்து வைக்க முடியவில்லை. கறுப்புக் கண்ணாடியோடு, என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உள்ளதைச் சொல்லு. பலமா அடி பட்டுச்சா?"

"இல்லம்மா. பொய் அடிதான்."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. போதும்டா உன் பொய், இவங்களுக்கும் தெரியட்டும் என்று வாயைத் திறந்தேன். அவன் கண் மட்டும் என் பக்கம் திரும்பியது. வேண்டாம்க்கா என்றது.

அம்மா சொன்னார். "உன் வாய் சொல்றது எனக்கு வேணாம். கையைக் குடு."

ஏசிக் குளிருக்குப் போர்த்தியிருந்த போர்வைக்குள் அம்மாவே கையை விட்டு, தேடி, அவன் வலது கையைப் பிடித்தார். ஒரு தடவை அமுக்கினார். காத்திருந்தார். இம்தியாஸ் கண்ணை மூடிக்கொண்டான். நெற்றி வேர்த்தது. காலையில் டாக்டர் விரலைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னபோது அந்தக் கை அசையவில்லை என்று எனக்குத் தெரியும்.

அம்மாவின் முகம் மாறத் தொடங்கியது.

போர்வையைச் சரிசெய்கிறவள் போல நான் உள்ளே கையை நுழைத்தேன். அவன் கையின் வெளிப்பக்கத்தைப் பிடித்தேன். அவன் விரல்களை என் விரல்களால் மடக்கி, அம்மாவின் உள்ளங்கையில் ஒரு தடவை அமுக்கினேன். ஒரே ஒரு தடவை. உடனே பிடியைத் தளர்த்தினேன்.

அம்மா பெருமூச்சு விட்டார். "அல்ஹம்துலில்லாஹ்" என்றார்.

இம்தியாஸ் கண்ணைத் திறந்து என்னையே பார்த்தான். அந்தப் பார்வை எனக்குப் பிடிபடவில்லை. திருட்டுத்தனம் செய்த கையைப் போர்வைக்குள்ளிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

போர்வைக்குள் அவன் கையை இன்னும் விடாமல், அம்மா கண்ணாடிக்குள்ளேயே சிரித்தார்.

"ஒரு தடவை அமுக்கினாப் போதும்னு நீதானேடா சொன்னே? இப்ப எதுக்கு மறுபடியும் அமுக்குற?"