செய்தி சொல்லப் போகிறவர்கள்

நந்தனாவின் தலையில் தொப்பி ஒழுங்காக உட்காரும். என் தலையில் அது மடித்துப் போட்ட தோசை மாதிரி இருக்கும். மூன்று வருடமாக எனக்கு இதில் வயிற்றெரிச்சல். நாங்கள் இருவரும் ஒரே கல்லூரி, ஒரே என்.சி.சி. பிரிவு. மதியம் ஒருத்தி டிபனை இன்னொருத்தி பிடுங்கித் தின்போம். ஆனாலும் அணிவகுப்பில் கமாண்ட் கொடுக்க எங்கள் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அஜிதா மேடம் அவளைத்தான் கூப்பிடுவார். என் குரலுக்கு என்ன குறை என்று தெரியவில்லை.

அதெல்லாம் போகட்டும். இந்தத் தடவை விஷயம் பெரியது.

பட்டாலியன் கர்னல் நாகர்கோவிலில் எங்கள் கல்லூரிக்கு வந்திருந்தார். ராணுவம் என்றால் துப்பாக்கியும் அணிவகுப்பும் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டே பிள்ளைகள் முகாமை விட்டுப் போகிறார்கள், உள்ளே எத்தனையோ வேலைகள் இருக்கின்றன, அவற்றைத் தொட்டுப் பார்க்கும்படி இரண்டு நாள் பயிற்சிகள் புதிதாக வேண்டும், யோசனையை நீங்களே சொல்லுங்கள் என்றார். யாருடைய யோசனை தேர்வாகிறதோ அவளே அதை முகாமில் நடத்தலாம். பிறகு ஒரு ராணுவப் பிரிவில் தங்கிப் பழகவும் அனுப்புவார்கள். ஒரே ஒரு இடம்.

அந்த இடம் எனக்கு வேண்டும். அப்பா கணபதியப்பனுக்குத் தாழக்குடியில் நெல் வயல். பெண் பிள்ளை பட்டாளத்துக்குப் போவதா என்று ஒரு வருடமாக வீட்டில் சண்டை. கடைசியில் ஒரு வழிக்கு வந்திருந்தார். "அந்தக் கர்னலு ஒன்ன எடுத்தாம்னா நீ ஆபீசர் பரீட்ச எழுதிக்கோ, நான் குறுக்க வரமாட்டேன். இல்லேன்னா தையில பொண்ணு பாக்க வருவாவ. மொகத்தத் தூக்கி வச்சுக்கிடப்பிடாது." கோட்டாற்றில் பாத்திரக்கடை வைத்திருக்கும் குடும்பம். போட்டோகூட வந்துவிட்டது. நானும் சரியென்று தலையாட்டியிருந்தேன்.

அதனால் ராத்திரி பகல் பாராமல் தயார் செய்தேன். என் யோசனை ட்ரோன். பறக்க விடுவது, படம் எடுப்பது, வரைபடத்தில் சேர்ப்பது என்று திரையில் படம் படமாக ஓடவிட்டேன். கர்னல் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். சபிதா ராணுவ நாய்களைப் பழக்கும் பயிற்சி வேண்டும் என்றாள். இன்னொருத்தி முகாம் சமையல் என்றாள். அவளுக்குச் சாப்பாட்டின் மேல்தான் கண் என்று எல்லோருக்கும் தெரியும், சிரித்தோம். எனக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவே செய்துவிட்டேன்.

அப்போது நந்தனா எழுந்தாள். கையில் ஒன்றும் இல்லை.

"பட்டாளத்துல ஒருத்தரு செத்துப்போனா, அத வீட்டுல போய்ச் சொல்லதும் ஒரு வேலதான் சார். அதுக்கு ஒரு கோர்ஸ் வேணும்" என்றாள். மேடம் அதை ஆங்கிலத்தில் சொன்னார். கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நந்தனாவின் அப்பா ராணுவ லாரி ஓட்டியவர். அவள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது மலைச்சரிவில் லாரி உருண்டு இறந்துபோனார். அதை வைத்து இடத்தைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றுதான் நினைத்தேன். என் அப்பா நாற்று நடுகிறார். அதை வைத்துக் கர்னலிடம் என்ன பேசிவிட முடியும்? உயிரோடு இருக்கும் அப்பா எனக்கு ஒரு குறையாகப் பட்டார். ஆமாம், அப்படித்தான் பட்டது.

"ஒரு தடவை நடத்திக் காட்டு" என்றார் கர்னல்.

"நான் வீட்டுல உள்ள பொம்பள. செய்தி கொண்டு வாறது லெச்சுமி. அவளுக்கு நல்லா பேச வரும்" என்று நந்தனா என்னைக் கை காட்டினாள்.

லட்சுமிப்ரியாவாகிய நான் சந்தோஷமாகவே எழுந்தேன். எந்தப் பயிற்சியும் இல்லாமல் நான் அழகாகச் சொல்லிக் காட்டிவிட்டால், அப்புறம் இதற்கு எதற்கு இரண்டு நாள் கோர்ஸ்? நடக்கும்போதே வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டேன். உங்கள் கணவர் இறந்துவிட்டார். அவ்வளவுதானே, மூன்றே சொல்.

நந்தனா நாற்காலியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரிக்கிற மாதிரி கையை அசைத்துக்கொண்டிருந்தாள். நான் போய் விறைப்பாக நின்றேன். அவள் நிமிர்ந்து சிரித்தாள்.

"ஆரு? அவருக்க கூட்டாளியா? இரியுங்க. வெயில்ல வந்திருக்கிய, குடிக்க வெள்ளம் எடுக்கட்டா?"

வாக்கியம் தயாராகத்தான் இருந்தது. என் வாய் வேறொன்றைச் சொன்னது.

"ஒண்ணும் பயப்படாதீங்க. அவருக்குக் கொஞ்சம் சீரியஸா இருக்கு. ஒடனே பொறப்படுங்க."

அறையில் ஒருத்தியும் சிரிக்கவில்லை. எங்கள் பக்கத்தில் யாரும் செத்துப்போனதாகப் போன் வருவதில்லை. சீரியஸ் என்றுதான் வரும். பெரியப்பா போன அன்று அத்தைக்கு நானே அப்படித்தான் போன் செய்தேன். சொல்பவருக்குத் தெரியும், அக்கம்பக்கத்துக்குத் தெரியும், யாருக்குத் தெரிய வேண்டுமோ அவருக்கு மட்டும் தெரியாது. அது ஒரு தப்பு என்று எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை.

கர்னல் வடக்கத்திக்காரர். மேடம் மொழிபெயர்த்ததும் குழம்பிப்போய்க் கேட்டார்.

"அப்படியானால் அவர் பிழைத்துக்கொள்வாரா?"

"எங்க அம்மையும் அதத்தான் சார் கேட்டா" என்றாள் நந்தனா.

நாற்காலியிலிருந்து எழாமலே சொன்னாள். "போன் மாமனுக்குத்தான் வந்துது. மாமன் அம்மைட்ட வந்து சீரியஸ், திருவனந்தபுரத்துக்குக் கொண்டு வாறாவன்னு சொன்னாரு. அம்மை கஞ்சி வச்சு பிளாஸ்க்குல ஊத்தினா. தொட்டுக்கிட நாரத்தங்கா ஊறுகாயும் எடுத்தா. ஏர்போர்ட்டுல பெட்டிய எறக்கும்போ பிளாஸ்க்கு அவ கையிலதான் இருந்துது. ஒரு ஆளு நேர வந்து உள்ளதச் சொல்லியிருந்தா, எங்க அம்மை வீட்டுல இருந்து அழுதிருப்பா. அத்தன பேருக்க முன்னாடி பிளாஸ்க்கும் பிடிச்சுகிட்டு நின்னிருக்க மாட்டா."

மேடம் பிளாஸ்க் வரைக்கும் மொழிபெயர்த்தார், அதற்கு மேல் முடியவில்லை. இந்தப் பயிற்சி எதற்கு என்பதை இந்தப் பெண் காட்டிவிட்டாள் என்று கர்னல் என்னைக் கை காட்டினார். இடம் நந்தனாவுக்கு. அதை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்.

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் உள்ளங்கை எரியத் தட்டினேன். அவளை நினைத்தால் பாவமாகத்தான் இருந்தது. அதற்காகப் பொறாமை போய்விடவில்லை. இரண்டும் ஒரே வயிற்றில் கிடந்து மல்லுக்கட்டின.

சைக்கிள் ஸ்டாண்டு வரைக்கும் நந்தனா பின்னாலேயே வந்தாள். "ஏட்டி, கோவமா?"

"ஆமா."

"சரி" என்று கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டாள். அவள் எப்போதும் அப்படித்தான். சண்டைக்கும் வரமாட்டாள், போகவும் மாட்டாள்.

அப்பாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். "கெடச்சுதா மக்களே?"

இன்னும் சொல்லவில்லை, நாளைக்குத்தான் தெரியும் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் அதுதான் இருந்தது.

"இல்லப்பா. நந்தனாவுக்குக் கெடச்சிட்டு."

"போட்டும், விடு. அப்ப கோட்டாத்துக்காரங்ககிட்ட தையில வரச் சொல்லிரட்டா?"

"வேண்டாம்ப்பா. நான் பரீட்ச எழுதத்தான் போறேன். ஒங்ககிட்ட சரின்னு சொன்னது நான்தான். இப்ப மாட்டேன்னு சொல்லுகதும் நான்தான். கல்யாணம் வேண்டாம்."

அப்பா கத்த ஆரம்பித்தார். ஏட்டி, வெளையாடுகியா, நாலு பேருக்கு முன்னால நான் என்னன்னு தலையக் காட்டுவேன், ஒன்ன காலேஜுக்கு அனுப்பினதே தப்பு. போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. வழக்கமாக இந்த இடத்தில் சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிடுவேன்.

திரும்பினேன். நந்தனாவுக்கும் எல்லாம் கேட்டிருந்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அப்பாவின் குரல் வந்துகொண்டிருந்த போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பார்வை என்னவென்று வேறு யாருக்கும் தெரிந்திருக்காது, எனக்குத் தெரியும். அது பொறாமை.

அப்பா கத்திக்கொண்டே இருந்தார். நான் போனை வைக்கவில்லை.