ஒட்டிக்கொண்ட வெளிச்சம்

2006-ஆம் வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில் அழகம்மாவின் இடது முழங்கையில் ஒட்டிக்கொண்ட பச்சை வெளிச்சம் பார் சோப்புக்கும் போகவில்லை, சாம்பலுக்கும் போகவில்லை. தேங்காய் நார் வைத்துத் தேய்த்ததில் தோல்தான் உரிந்தது. உரிந்த இடமும் பச்சையாகவே எரிந்தது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள், கறை எடுப்பதில் கெட்டிக்காரி. ரப்பர் பால் காய்ந்த சேலையையே மண்ணெண்ணெய் விட்டுப் புதுசாக்கிவிடுவாள். மண்ணெண்ணெயும் தோற்றது. போர்ட் பிளேரில் டாலிகஞ்சுக்கு அப்பால் வரிசையாக நின்ற தகரக் கொட்டகைகளில் அன்று சாயங்காலம் வழக்கம்போல் கரண்ட் போனபோது, மற்ற வீடெல்லாம் இருண்டு கிடக்க, அழகம்மா வீட்டுத் தகரத்தின் ஆணி ஓட்டைகளிலிருந்து மட்டும் பச்சைக் கோடுகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஊர்க் கடற்கரையில் தென்னை மரங்களுக்குச் சுற்றியிருக்கிறார்களே சீரியல் பல்பு, அதே பச்சை. அவள் எங்கே போய் வருகிறாள் என்பது எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

அந்தக் கடற்கரையின் பெயர் நம் ஆட்களிடம் அப்படி நாறிக் கிடந்தது. நாறாமல் என்ன செய்யும்? 2004 டிசம்பரில் கடல் எழுந்து வந்து தீவு தீவாக வழித்துக்கொண்டு போயிற்று. அடுத்த டிசம்பருக்குள் அதே கடலின் ஓரத்தில் கலர் விளக்கு கட்டி, பாட்டுப் போட்டு, ஒரு ரவுண்டு இவ்வளவு என்று கூவிக் கூவி வேகப்படகில் ஆள் ஏற்றினார்கள். தொப்பி போட்டவர்களும் புதுத்தாலி கட்டியவர்களும் அந்தத் தண்ணீரைப் பார்த்துச் சிரித்துச் சிரித்துப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தண்ணீருக்கு அடியில் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நாயும் கேட்கவில்லை. வெட்கம் கெட்ட ஊர். அலைக்குத் தப்பிக் கப்பலில் வந்து இறங்கிய நம்மை மட்டும் அந்த விளக்குகள் கண்ணில் படாத தூரத்தில் கொண்டுபோய்த் தகரத்துக்குள் அடைத்தார்கள். சுவரும் தகரம், கூரையும் தகரம். இந்த யோசனை யாருக்கு வந்ததோ, அவரை ஒரு சித்திரை மாதம் முழுக்க அதற்குள் குடும்பத்தோடு உட்கார வைக்க வேண்டும்.

நம் ஆட்கள் என்றால் தெற்கே நடுக்கடலில் இருக்கும் கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்காரர்கள். அதற்கு முன்னால் சிலோனில் தேயிலை. மலையை விட்டுக் கப்பலேற்றியபோது கொண்டுவர முடிந்தது தகரப்பெட்டியும் தப்பும் பிரட்டும்தான். பிரட்டு என்பது விடிவதற்கு முன்னால் தப்படித்துக் கூட்டி, கங்காணி பேர் பேராகக் கூப்பிடுவது. கூப்பிட்டதும் “ஆள் இருக்கு” என்று சொல்ல வேண்டும். தப்பில் ஒரு அடி விழுந்தால் அன்றைக்கு அந்த ஆள் கணக்கில் உண்டு, விழாவிட்டால் இல்லை. தொடர்ந்து பதில் வராதவன் பேரை வெட்டிவிடுவார்கள். அலை வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பிரட்டு கிடையாது. அன்றைக்கு யாரும் யாரையும் எண்ணவில்லை, அதனால்தான் கடல் இப்படிக் கணக்கில்லாமல் எடுத்துக்கொண்டு போயிற்று என்று நம் ஆட்கள் உறுதியாக நம்பினார்கள். கங்காணியின் பேரன் சிவப்பிரகாசம், வருஷா வருஷம் டிசம்பர் இருபத்தாறாம் தேதி விடியலில் கடலோரம் போய்ப் போனவர்களுக்குப் பிரட்டு எடுப்பது என்று முடிவு செய்தார். அவரே தப்படிப்பார், அவரே மனப்பாடமாகக் கூப்பிடுவார். செத்தவருக்காக, மிச்சமிருக்கும் சொந்தம் “ஆள் இருக்கு” என்று சொல்லும். மூன்று தடவை கூப்பிட்டும் அடி விழாத பேர் வெட்டு.

முதல் வருடப் பிரட்டில் ஆவுடையப்பனுக்குப் பதில் சொல்ல ஆளில்லை. ஒண்டிக்கட்டை. சிவப்பிரகாசம் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த பேருக்குப் போய்விட்டார். வீடு திரும்புவதற்குள் ஆவுடையப்பன் குட்டையா நெட்டையா என்று யாருக்கும் சொல்ல முடியவில்லை. இருபது வருடம் தோட்டத்தில் அடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருந்த மனிதர். மீசை உண்டா என்று கேட்டால் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். பேர் மட்டும் நாக்கில் இருந்தது, அதன் பின்னால் ஆள் இல்லை. அன்றிலிருந்து நம் ஆட்கள் அந்தப் பிரட்டுக்குச் சாமிக்குப் பயப்படுவதைவிட அதிகமாகப் பயந்தார்கள். அழகம்மாவுக்கு இருந்ததெல்லாம் அங்கே கூப்பிடப்படும் ஒரே ஒரு பேர்: ஜெயராணி, மகள், பத்தொன்பது வயது. உடம்பு கிடைக்கவில்லை. புருஷன் எப்போதோ காய்ச்சலில் போய்விட்டான். அந்தப் பேருக்குப் பதில் சொல்ல உலகத்தில் அழகம்மாவை விட்டால் வேறு நாதி இல்லை.

அவளைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனது பக்கத்துக் கொட்டகை புஷ்பா. அவளும் ஆசைப்பட்டுப் போகவில்லை. கண்ணையாவின் கரும்பு ஜூஸ் கடையில் கிளாஸ் கழுவ இரண்டு பேர் வேண்டியிருந்தது. அழகம்மா முதல் நாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து கழுவினாள். பொழுது சாய்ந்தது. எதிரே ஒரு தென்னை மரத்தில் அடியிலிருந்து உச்சி வரை பச்சை வெளிச்சம் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை. லயத்தில் ஒரு சிம்னி விளக்கை இரண்டு குடும்பம் பங்கு போட்டுக்கொண்டு வளர்ந்தவள். வெளிச்சம் என்றால் அரிசி களைய, பாம்பு பார்க்க. இங்கே ஒருவருக்கும் தேவையில்லாத வெளிச்சம், ஒரு வேலையும் பார்க்காத வெளிச்சம், மரத்தில் சும்மா ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அலைக்குப் பிறகு முதல் தடவையாக அழகம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. பஜ்ஜி விற்பவன், பலூன் சுடும் கடைக்காரன், இந்தியில் கத்தும் வங்காளி, தெலுங்கில் வையும் மீன்காரி என்று யாரும் அவளை எந்த ஊர் என்று கேட்கவில்லை. அங்கே எல்லாருமே எங்கிருந்தோ வந்தவர்கள்தான். அதற்கப்புறம் வேலை இல்லாத நாளிலும் போக ஆரம்பித்தாள். ஊரைப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான். மகளை விழுங்கிய தண்ணீரின் ஓரத்திலேயே இப்படி ஒரு பெண்ணுக்கு ஊர் பிடித்துப்போகலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் எவரும் சொல்வார்கள். அவளும் அதைத்தான் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினாள்.

கை பச்சையானதும் பயந்துபோய்க் கண்ணையாவிடம் காட்டினாள். கண்ணையா, வெள்ளைக்காரன் கைதிகளைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இருக்கும் தீவுக் குடும்பம். அவர் கரும்பை மடித்து மெஷினில் விட்டபடியே பார்த்தார்.

“அரே அம்மா, இது சாபுன் போட்டுத் தேச்சாப் போற சீஜ் இல்ல. டூரிஸ்டுக்கு ஒட்டாது. மூணு ராத்திரி இருந்துட்டு ஃபிளைட் ஏறுறவன் மேல எதுக்கு ஒட்டணும்? இந்த ஊரு யாருக்குப் புடிச்சுப் போச்சோ அவங்களுக்குத்தான் ஒட்டும். எங்க தாதாஜி, அப்பாவோட அப்பா, அவரு கழுத்துல பெட்ரோமாக்ஸ் வெள்ளை இருந்துச்சு. கைதியா விலங்கோட வந்தவரு. ஜெயில் சஜா முடிஞ்சும் மெயின்லேண்டு போகல. அப்ப இந்த ஊருக்கு இருந்த கெட்ட பேரு தெரியும்ல? அதுக்கு முன்னாடி இதெல்லாம் கியா ஹை, ஒண்ணுமே இல்ல!”

சொல்லிவிட்டு லுங்கியைக் கொஞ்சம் தூக்கி முழங்காலில் இருந்த மஞ்சளைக் காட்டினார். பழைய பல்பு மஞ்சள்.

அந்த விவரமும் கொட்டகைக்கு வந்து சேர்ந்ததுதான் வினையாயிற்று. தெரியாமல் ஒட்டியது என்றால் மன்னித்திருப்பார்கள். பிடித்துப்போய் ஒட்டியது என்றால்? குழாயடியில் அழகம்மாவின் குடத்தைத் தள்ளி வைத்தார்கள். 2006 பிரட்டில் அவள் பதிலுக்கு முணுமுணுப்போடுதான் அடி விழுந்தது. வெளிச்சமோ அடங்குவதாக இல்லை. ஐஸ்கிரீம் போர்டின் நீலம் தோளில் ஏறியது, ஏதோ ஹோட்டல் வாசல் சிவப்பு காதோரம் வந்தது. அவள் புளி போட்டுத் தேய்ப்பதைக்கூட நிறுத்திவிட்டாள். எல்லாரையும்விட அதிகமாகக் கொதித்தவர் சிவப்பிரகாசம். நிரந்தர வீடு கேட்டு மனு கொடுக்க வாரா வாரம் ஊருக்குள் டெலானிபூர் ஆபீசுக்குப் போய்க் கடைசி பஸ்ஸில் திரும்பும் பொறுப்பான மனிதர். அலைந்து அலைந்து அவருக்கு உள்காய்ச்சல் வேறு வந்துவிட்டது; 2007-இல் கோடை, மழை எதுவும் பார்க்காமல் முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நடமாடினார். வியர்வை சொட்டச் சொட்ட அவர் பஞ்சாயத்து வைத்துச் சொன்னார்: “செத்தவங்களுக்குப் பதில் சொல்ற வாயி, அந்தக் கூத்த வேடிக்க பாத்த வாயா இருக்கக் கூடாது. இந்த வருசம் அழகம்மா சொன்னா அடி விழாது.” எல்லாரும் தலையாட்டினார்கள். புஷ்பாகூடக் கழுத்தைச் சுற்றிய துண்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்தாள். வீடு கொடுக்காதவனைக் கேட்க முடியாத நியாயத்தை, பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் கேட்டார்கள்.

அந்த டிசம்பர் இருபத்தாறு விடியலில் மேகம் மூடிக் கும்மிருட்டாக இருந்தது. அழகம்மா ஒரு பழைய கம்பளியால் உடம்பைச் சுற்றிக்கொண்டு கூட்டத்துக்குப் பின்னால் போய் நின்றாள். தப்பு முழங்கியது. பேர்கள் வந்தன, பதில்கள் வந்தன, அடிகள் விழுந்தன.

“ஜெயராணி!”

“ஆள் இருக்கு!” என்றாள் அழகம்மா. அடி விழவில்லை. மகளுக்கு மூக்குத்தி இடமா வலமா என்பது அவளுக்கு அந்த நொடியில் மறந்துபோயிற்று.

“ஜெயராணி!”

“ஆள் இருக்குங்க, கங்காணியாரே! எம்மக இருக்கா!” அடி விழவில்லை. பிள்ளையின் சிரிப்பு போயிற்று. பல்வரிசை எப்படி இருந்தது என்று நெஞ்சுக்குள் துழாவினாள், அகப்படவில்லை. மிச்சமிருந்தது குரல் ஒன்றுதான்.

அழகம்மா கம்பளியை உதறிப் போட்டாள். பச்சையும் நீலமும் சிவப்புமாகக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு சிவப்பிரகாசத்தின் முன்னால் போய் நின்றாள்.

“சிலோன்ல பொறந்தேன். நீ இந்தியாக்காரின்னு கப்பல் ஏத்துனாங்க. இங்க வந்தா சிலோன்காரின்னாங்க. கச்சால்ல முப்பது வருசம் பால் வெட்டுனேன், அலை வந்துச்சு, கேம்ப்காரின்னாங்க. இத்தன ஊர்ல ஒண்ணாச்சும் என்னைய ஒட்டிக்கிச்சா? இந்த ஒண்ணுதான் ஒட்டிக்கிச்சு. பகட்டு புடிச்ச ஊருதான், காசுக்குப் பல்ல இளிக்கிற ஊருதான், எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? ஆனா புடிச்சிருக்கு. அதுக்கு எம்மக பேர வெட்ட நீ யாருய்யா? அடிய்யா தப்ப!”

“வாய மூடு!” என்று கத்திக்கொண்டு சிவப்பிரகாசம் குச்சி பிடித்த கையை ஓங்கினார். ஓங்கிய வேகத்தில், ஒரு வருடம் வியர்வையில் ஊறி இற்றுப்போயிருந்த ஸ்வெட்டர் அக்குளிலிருந்து இடுப்பு வரை கிழிந்தது. கிழிசல் வழியாக ஒரு ரோஸ் வெளிச்சம் வெளியே விழுந்து, கடற்கரை மணல் முழுக்கப் பரவியது. அணைந்தது. மறுபடி எரிந்தது. அவருக்கு ஒட்டியிருந்தது அணைந்து அணைந்து எரிகிற ஜாதி. பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில் இருக்கும் ஃபலூடா கடையின் போர்டு அது. நம் ஆட்களில் பாதிப் பேருக்கு உடனே அடையாளம் தெரிந்தது. தெரிந்தது எப்படி என்று யாரும் யாரையும் கேட்டுக்கொள்ளவில்லை. புஷ்பா மெதுவாகக் கழுத்துத் துண்டை எடுத்தாள், ஊதா. அதற்குப் பிறகு தலைப்பாகைகளும் முந்தானைகளும் ஒவ்வொன்றாக அவிழ்ந்தன.

சிவப்பிரகாசம் அந்த ரோஸ் வெளிச்சத்தில் எரிந்து அணைந்துகொண்டு கிழிசலைக் கையால் பொத்திப் பார்த்தார். பிறகு கடலைப் பார்த்து மூன்றாம் தடவை கூப்பிட்டார். அழகம்மா பதில் சொன்னாள். அவர் அடித்த அடியில் தப்புத் தோல் கிழியாதது ஆச்சரியம். ஜெயராணிக்கு மூக்குத்தி வலப்பக்கம். முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கும். அழகம்மா மணலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து எழுந்து, ஆவுடையப்பனையும் கூப்பிடச் சொன்னாள். கூப்பிட்டார். அவளே பதிலும் சொன்னாள். அடி விழுந்ததும் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது: குட்டை, மாறுகண், மீசை கிடையாது, சீட்டாட்டத்தில் பொய்யன்.

2010-இல் புரோத்ராபூர்ப் பக்கம் நிரந்தர வீடுகள் கிடைத்தன. முதல் மழையிலேயே ஒழுகின. ஊர் திருந்திவிடவில்லை. இன்னும் அதே கூச்சல், அதே இளிப்பு, தண்ணீருக்கு அடியில் யார் என்று கேட்காத அதே கூட்டம். படகு ரவுண்டின் விலைதான் ஏறியிருக்கிறது. ஒட்டிய வெளிச்சத்தை இப்போது யாரும் மறைப்பதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள் எந்தக் கடைக் கலர் என்று விசாரித்துக்கொள்கிறார்கள். 2012-ஆம் வருடப் பிரட்டுக்கு அழகம்மா வரவில்லை. புதுவருடத்துக்காகக் கடற்கரையில் கப்பல் மாதிரி ஒரு விளக்கு கட்டியிருந்தார்கள். முந்தின ராத்திரி அதைப் பார்க்கப் போனவள் கண்ணையாவின் கடை பெஞ்சிலேயே தூங்கிவிட்டாள். சிவப்பிரகாசம் ஜெயராணியை இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்.

“ஆள் இருக்கு,” என்று அவரே சொன்னார். “அம்மாக்காரிதான் லைட்டு பாக்கப் போயிருக்கா.” ஓங்கி ஒரு அடி அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போனார்.