கிமோனோத் தேர்வில் பதினேழாம் எண்

ஆறரைக்கு எழுந்தேன். பல் துலக்கினேன். நேற்றைய சோற்றைச் சூடாக்கினேன். பொட்டல மிசோ சூப்பில் வெந்நீர் ஊற்றிக் குடித்தேன். சனிக்கிழமை, அதனால் பிளாஸ்டிக் குப்பையைக் கட்டி வெளியே வைத்தேன். முகம் மழித்தேன். தேர்வு விதிப்படி எட்டுத் துண்டுகளையும் சிகுசாவின் நீளக்கைக் கிமோனோவையும் பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

சிகுசா என் மனைவி. பிறருக்குக் கிமோனோ கட்டிவிடும் கலையில் முதல்நிலைச் சான்றிதழுக்கு விண்ணப்பித்திருந்தாள். நான்கு மாதம் அவளுக்கு நான்தான் பயிற்சிப் பொம்மை. கிமோனோவுக்கு இடுப்பு ஆகாது. இடுப்பு உள்ளவர்களுக்குத் துண்டு சுற்றி உருளையாக்க வேண்டும். "உனக்குத் துண்டே வேணாம், பிறவியிலேயே தூண்" என்பாள்.

பிப்ரவரியில் இறந்துபோனாள். தேர்வு நடத்தும் கிமோனோக் கலைப் பாதுகாப்புச் சங்கத்துக்குச் சொன்னேன். இருந்தும் மாதாமாதம் அவள் பெயருக்குக் கடிதம் வந்தது. 'அன்புள்ள சிகுசா அவர்களே, பயிற்சியைக் கைவிடாதீர்கள்.' அதை நிறுத்தத்தான் போனேன். விண்ணப்பதாரர் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், இல்லையென்றால் அவர் தேர்ச்சி பெற வேண்டும், அப்போதுதான் கோப்பு மூடப்படும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார்கள்.

தேர்வுக்கூட வாசல் மேசையில் தலைமைத் தேர்வாளர் உமெஸு அம்மா இருந்தார்.

"பதினேழு. மாடல் வந்தாச்சு. விண்ணப்பதாரர் எங்க?"

"இறந்துட்டாங்க. போன்ல சொன்னேனே."

"கேட்டேன் தம்பி. ரொம்ப வருத்தம். ஆனா தாமதமா வர்றவங்களுக்குக் கட்டம் இருக்கு. வராதவங்களுக்கு இருக்கு. இறந்தவங்களுக்குப் படிவத்துல கட்டம் இல்லையே."

"வரலைன்னு போடுங்க."

"போட்டா அடுத்த தேர்வுக்குத் தானா மாறிடும். கடிதம் வரும். மாடல் வந்திருக்கீங்க, துண்டு எட்டு இருக்கு. நடத்திடலாம். எவ்வளவு காலத்துக் கலையைக் காப்பாத்திட்டிருக்கோம். ஒருத்தர் செத்துட்டாங்கன்னு விட்டுட முடியுமா?"

மணி அடித்தார்கள். நேரம் இருபது நிமிடம். கூடம் முழுக்கப் பெண்கள் பெண்களுக்குக் கட்டத் தொடங்கினார்கள். நான் வெள்ளை உள்ளங்கியில், கைகளைச் சற்று விரித்து நின்றேன். கிமோனோ என் காலடியில் மடித்தபடி கிடந்தது.

பக்கத்து மாடலை அவள் அக்கா கயிற்றால் இறுக்கிக்கொண்டிருந்தாள். "மூச்ச உள்ள இழுடி! காலையில மூணு சோத்துருண்டை யாரு திங்கச் சொன்னா?"

தங்கை என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்குக் கட்டுறவங்க எங்க?"

"இறந்துட்டாங்க."

"அய்யய்யோ. பாதி நேரம் போயிடுச்சே!"

இரண்டு தேர்வாளர்கள் என்னைச் சுற்றி வந்தார்கள்.

"மாடல் முகத்துல கை படவே இல்ல. முழு மதிப்பெண்."

"கழுத்துப் பட்டை?"

"இன்னும் ஆரம்பிக்கல."

"பதற்றமில்லாத கைன்னு எழுதுங்க."

மணி அடித்தது. உமெஸு அம்மா கூட்டிப் பார்த்தார். அறுபத்தெட்டு. தேற எழுபது வேண்டும்.

"ஒரு கட்டம் மிச்சம் இருக்கு. கட்டி முடிச்சதும் மாடல்கிட்ட பேசணும். இன்னிக்கு அவங்களால முடியாது, சரி. கடைசியா உங்களுக்குக் கட்டினப்ப என்ன சொன்னாங்க? 'இறுக்கமா இருக்கா'ன்னு கேட்டிருந்தா ரெண்டு மதிப்பெண். தேறிடுவாங்க. கோப்பை மூடிடலாம்."

"வேற ஏதாவது சொல்லியிருந்தா?"

"சுழியம். இலையுதிர்காலத்துல மறுதேர்வு. கடிதம் வந்துட்டே இருக்கும்." பேனா முனையைக் கட்டத்தில் வைத்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "கேட்டாங்கன்னு சொல்லிடுங்க தம்பி. யாரு பாக்கப் போறா?"

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

கடைசியாகக் கட்டியது ஒரு ஞாயிற்றுக்கிழமை. இடுப்புப் பட்டையை முதுகில் முடிச்சிட்டு எல்லாம் முடிந்து, அதற்கு மேல் போடும் கயிறு அறுந்துவிட்டது. கடை இரண்டு தெரு தள்ளி. சைக்கிளில் போனாள். சாலையில் பனி உறைந்திருந்தது. மருத்துவமனையிலிருந்து தொலைபேசி வந்தபோது நான் நாரைகள் பறக்கும் சிவப்புக் கிமோனோவில் அறை நடுவில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணி நேரமாக.

"என்ன சொன்னாங்க?" என்றார் உமெஸு அம்மா.

சொன்னேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

"உக்காந்துடாத, பின்முடிச்சு நசுங்கிடும். கயிறு வாங்கிட்டு வந்துடறேன்."