பின்னால் வரும் கார்

சட்டமன்ற உறுப்பினர் திருப்பிக் கொடுத்த அரசுக் கார், மறுநாள் காலை ஓட்டுநர் இல்லாமல் தானாகவே வந்து அவர் வீட்டு வாசலில் நின்றது. அவர் நடந்தால் பின்னால் ஊர்ந்து வந்தது. முடிதிருத்தகத்துக்குள் போனால் இன்ஜினை அணைக்காமல் வெளியே காத்திருந்தது. தனக்குத் தாகம் எடுத்தால் பெட்ரோல் பங்க்குக்குப் போய்க் குடித்துவிட்டு அரசு பேரில் எழுதிக்கொள்ளச் சொல்லும் தோரணையில் ஹாரன் அடித்தது. காரணம் ரகசியமில்லை. உறுப்பினர்களின் சலுகைகளைக் குறைக்க மசோதா கொண்டுவந்தவர் அவர். முன்மாதிரியாகத் தன் காரை ஒப்படைத்த அன்று, இனி அதில் உட்கார்ந்தால் பதவியையே விட்டுவிடுவதாகச் சபதம் செய்தார். புகைப்படக்காரர்கள், “பானெட்டத் தட்டிக்குடுங்க சார், கொஞ்சம் பிரியமா” என்றார்கள். பிரியமாகத் தட்டினார். கார் அதை நம்பிவிட்டது.

ஊரில் அவரை நம்பியது அது ஒன்றுதான். கறுப்புக் கண்ணாடிக்குள் ஒருவன் குனிந்தபடி ஓட்டுவதாக மருந்துக்கடைக்காரர் சத்தியம் செய்தார். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் காரின் அடியில் தவழ்ந்து பார்த்துவிட்டு, வயர்கூட இல்லையென்றால் ஏற்பாடு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று கவலைப்பட்டார். மனைவியோ தினமும் மாலையில் பின்னிருக்கையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள்.

“சூடா இருக்கே?”

“வெயில்ல நின்னுச்சும்மா.”

“வெயில் உக்காந்தா இப்படிக் குழி விழுமா?”

மசோதா ஒருவர்கூட எதிர்க்காமல் நிறைவேறியது. கார்களை ஒப்படைக்கும் நாளில் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தத்தம் காரைக் கட்டிப்பிடித்தார்கள், பம்பரை முத்தமிட்டார்கள், மூத்தவர் ஒருவர் கார் சக்கரத்தின் மேல் சாய்ந்து மகளைக் கட்டிக்கொடுத்ததுபோல் அழுதார். மறுநாள் எல்லாக் கார்களும் எல்லா வாசல்களிலும் நின்றன. தானாக வருவது சலுகையாகாது என்று சட்டத்துறை கருத்துச் சொன்னது. எல்லோரும் ஏறிக்கொண்டார்கள்.

ஆக, ஆளே இல்லாமல் பெட்ரோல் குடித்துக்கொண்டு ஓடியது அவருடைய கார் மட்டும்தான். அவர் கேட்டு அமைக்கப்பட்ட சிக்கனக் குழு அவரையே அழைத்தது. வெறுங்கார் ஓடுவது அப்பட்டமான வீண்செலவு, அது நீடித்தால் பதவி பறிபோகும் என்றார் குழுத் தலைவர். அதில் உட்கார்ந்தால் சபதப்படி பதவி போகும் என்றார் இவர். அது உங்கள் சொந்த விஷயம் என்றது குழு.

வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

“என்னன்னு சபதம் பண்ணீங்க?”

“உக்கார மாட்டேன்னு.”

“அப்ப படுத்துக்கங்களேன்.”

தன்னைவிட அவள்தான் சட்டமன்றத்துக்குப் பொருத்தமானவள் என்று அவருக்கு முதல்முறையாகச் சந்தேகம் வந்தது.

மறுநாள் கார் கதவைத் திறந்தது. அவர் பின்னிருக்கையில் படுத்துக்கொண்டார். ஆள் உயரம் என்பதால் கால்கள் ஜன்னலுக்கு வெளியே நீண்டன. போக்குவரத்துக் காவலர் அந்தச் செருப்புகளுக்குச் சல்யூட் அடித்தார். எப்படியும் ஏறத்தான் போகிறார் என்று சொல்லிவந்த ஊருக்கு நிம்மதி. அன்றோடு அவரைச் சந்தேகிப்பதை விட்டுவிட்டார்கள். சில ஆண்டுகள் கழித்து, அரசுக் கார்களுக்குத் தலையணை வாங்கப் பட்ஜெட்டில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்பட்டது. அதன்மேல் விவாதம் நடக்கவில்லை.